‘செம்பரம்பா…’ என்று நின்றுவிடும் பொத்தான்

கணினி: வாசகர் கேள்வி–பதில்

பைத்தான் நிரலைப் பிரவுசரில் எழுதி ஓட்ட உதவும் ஜுபிட்டர் நோட்புக்கில் ஸ்லைடர், பொத்தான், டிராப்டவுன் முதலிய விட்ஜெட்டுகளை அமைக்கும் முறையைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எழுத்தைப் பற்றியவையாகவே இருந்தன. விட்ஜெட் வேலை செய்கிறது, ஆனால் எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிதாக்கினால் வெட்டுப்படுகிறது, ஒரு கணினியில் வருவது இன்னொன்றில் வருவதில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

படிக்கத் தொடங்குமுன் ஒரு குறிப்பு. நிரலில் வரும் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். ஃபாண்ட்_சைஸ் என்று இருந்தால் கணினியில் அதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் அடிக்கோட்டுக் குறியுடன் தட்டச்சிட வேண்டும். 18பிஎக்ஸ் என்று இருந்தால் 18 என்னும் எண்ணுக்குப் பின் இடைவெளி விடாமல் பிக்சலைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை இட வேண்டும்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்மட்டத்தை மாணவர்கள் ஸ்லைடரை நகர்த்திப் பார்க்கும்படி ஒரு நோட்புக் தயாரித்தேன். புரொஜெக்டரில் கடைசி பெஞ்ச் மாணவர்களுக்கு எழுத்து தெரியவில்லை என்பதால், லேபிள் விட்ஜெட்டுக்கு ஸ்டைல்.ஃபாண்ட்_சைஸ் = '22பிஎக்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன். பிழைச் செய்தியும் வரவில்லை, எழுத்தும் மாறவில்லை. அதே கோப்பைச் சக ஆசிரியரின் மடிக்கணினியில் திறந்து ஓட்டினால் எழுத்து பெரிதாகிறது. என் நிரலில் என்ன தவறு? — ஆசிரியை, பெரம்பூர்

பதில்: உங்கள் நிரலில் தவறு எதுவும் இல்லை. பெரும்பாலும் உங்கள் கணினியில் இருக்கும், இந்த விட்ஜெட்டுகளைத் தரும் ஐபைவிட்ஜெட்ஸ் தொகுப்பு பழையதாக இருக்கும். இந்த விட்ஜெட்டுகள் 2014 ஏப்ரலில் ஜுபிட்டரின் முன்னோடியான ஐபைத்தானின் 2.0 பதிப்போடு அறிமுகமானவை. பின்னர் தனித் தொகுப்பாகப் பிரிந்தன. 2017இல் வந்த 7ஆம் பதிப்பில் லேபிளின் ஸ்டைலுக்கு எழுத்தின் அளவு என்ற பண்பே கிடையாது. பொத்தானுக்குக்கூட அதன் நிறத்தையும் எழுத்தின் தடிமனையும் மட்டுமே மாற்ற முடிந்தது. எழுத்துருவின் பெயர், அளவு, சாய்வு, தடிமன், நிறம், அடிக்கோடு ஆகியவற்றை நேரடியாக ஸ்டைல் வழியே மாற்றும் வசதி 2022 ஆகஸ்டில் வெளியான 8ஆம் பதிப்பில்தான் வந்தது.

அப்படியானால் பழைய பதிப்பு ஏன் ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்லவில்லை என்பது நியாயமான கேள்வி. பைத்தானில் ஒரு பொருளுக்கு முன்பின் அறிவிக்காத பண்பைப் புள்ளி வைத்து எழுதினால், அது பெரும்பாலும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். ஸ்டைல் என்பதும் அத்தகைய ஒரு பொருள்தான். நீங்கள் கொடுத்த '22பிஎக்ஸ்' பைத்தான் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. பிரவுசருக்கு அனுப்பப்படும் பண்புகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லாததால் அது அங்கே போய்ச் சேரவே இல்லை. புதிய பதிப்பிலும் இதே விபத்து நடக்கும்: அடிக்கோட்டை மறந்து ஃபாண்ட்சைஸ் என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், அதே மௌனம்தான் கிடைக்கும். நானும் ஒரு மாலை முழுவதையும் இப்படி ஓர் அடிக்கோட்டுக்குப் பலி கொடுத்திருக்கிறேன்.

எனவே எந்த விட்ஜெட்டானாலும் முதலில் அதன் ஸ்டைலைக் கேட்டுவிடுவது நல்லது. உங்கள் லேபிளின் பெயர் ‘தலைப்பு’ என்றால், ஒரு செல்லில் (நோட்புக்கில் நிரல் எழுதும் பெட்டியில்) தலைப்பு.ஸ்டைல்.கீஸ் என்று எழுதி ஓட்டுங்கள். அந்த ஸ்டைல் பிரவுசரோடு பகிர்ந்துகொள்ளும் பண்புகள் எல்லாம் பட்டியலாக வரும். அதில் ஃபாண்ட்_சைஸ் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. (மாறியின் பெயரைத் ‘தலைப்பு’ என்று தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்கும். மாணவர்களிடம் காட்டிப் பாருங்கள், மகிழ்வார்கள்.)

பதிப்பைப் புதுப்பிக்க, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையில் அப்கிரேடு என்ற சொல்லைச் சேர்த்து ஐபைவிட்ஜெட்ஸை நிறுவினால் போதும். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது. இந்தத் தொகுப்புக்குப் பைத்தான் பக்கம் ஒரு பாதியும், பிரவுசர் பக்கம் ஒரு பாதியும் உண்டு. இரண்டும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆகவே ஜுபிட்டரை முழுவதுமாக மூடித் திறந்து, நிரலை ஓட்டும் கர்னலையும் மறுதொடக்கம் செய்து, பிரவுசரில் பக்கத்தையும் புதுப்பியுங்கள். இதில் ஒன்றை விட்டுவிட்டு, ‘புதுப்பித்தும் மாறவில்லை’ என்று எழுதும் வாசகர்கள் பலர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அளவை மேற்கோள் குறிக்குள், அலகோடு சேர்த்துத்தான் தர வேண்டும். வெறும் 22 என்று எண்ணாகக் கொடுத்தால் 8ஆம் பதிப்பு பிழைச் செய்தி தரும். இந்த ஓர் இடத்திலாவது அது வாய் திறக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது. ஆனால் பெரிதாக்கியதும் ‘செம்பரம்பாக்கம்’ என்ற பொத்தான் ‘செம்பரம்பா…’ என்று மூன்று புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. ‘புழல்’, ‘பூண்டி’ ஆகிய பொத்தான்களில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. தமிழ் எழுத்துருவில்தான் கோளாறா? — பொறியியல் மாணவர், கிண்டி

பதில்: எழுத்துருவில் கோளாறு இல்லை, எழுத்து குடியிருக்கும் பெட்டி சிறியதாக இருக்கிறது. ஐபைவிட்ஜெட்ஸில் எழுத்தின் உருவத்தைக் கவனிப்பது ஸ்டைல். பெட்டியின் அகலம், உயரம், உள்ளிடைவெளி, வெளியிடைவெளி ஆகியவற்றைக் கவனிப்பது லேஅவுட். இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள், ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது. நீங்கள் குடித்தனக்காரரை மாற்றினீர்கள். வீடு பழைய அளவிலேயே இருக்கிறது.

பழைய அளவு என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் பொத்தானின் அகலம் 148 பிக்சல், உயரம் 28 பிக்சல், எழுத்தின் அளவு 13 பிக்சல். ஸ்லைடர், உரைப்பெட்டி ஆகியவற்றின் இடப்பக்கத்தில் வரும் விளக்கச் சொல்லுக்கு 80 பிக்சல் அகலமே ஒதுக்கப்பட்டிருக்கும். இந்த எண்கள் ஆங்கிலச் சொற்களை மனத்தில் கொண்டு வைக்கப்பட்டவை. ‘செம்பரம்பாக்கம்’ என்பது 9 எழுத்துதான். ஆனால் அதிலுள்ள செ, பா ஆகிய ஒவ்வொன்றும் இரண்டு உருவங்கள் நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். 13 பிக்சலில் எப்படியோ ஒடுங்கி உட்கார்ந்திருந்த சொல், 20 பிக்சலுக்குப் போனதும் 148 பிக்சலைத் தாண்டிவிடுகிறது. பொத்தானுக்குள் சொல் அடுத்த வரிக்கு மடங்காது. மிஞ்சிய பகுதி மூன்று புள்ளியாக மாறும்.

உயரத்தில் நடப்பது இன்னும் சுவையானது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எழுத்து நிற்கும் கோட்டுக்கு மேலேயே முடிந்துவிடுகின்றன. சிறிய எழுத்துகளில் ஐந்தாறுக்குத்தான் வால் உண்டு. தமிழிலோ ‘புழல்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லிலேயே பு கீழே இறங்குகிறது, ழ கீழே வளைகிறது, மேலே ல்-இன் புள்ளி நிற்கிறது. ‘பூண்டி’யில் பூ கீழே போகிறது, டி-யின் கொக்கி மேலே எழுகிறது. இந்த ஏற்றத்தாழ்வுகளுக்கு இடம் தர, பல தமிழ் எழுத்துருக்கள் சொல்லப்பட்ட அளவைவிடக் கணிசமாக அதிகமான உயரத்தைக் கேட்கும். 24 பிக்சல் எழுத்தை 28 பிக்சல் பெட்டிக்குள் வைத்தால், பெட்டிக்கு வெளியே நீளும் வாலைப் பொத்தான் ஒளித்துவிடும். அதைத்தான் நீங்கள் வெட்டுப்பட்டதாகப் பார்க்கிறீர்கள்.

எனவே ஃபாண்ட்_சைஸை மாற்றும் அதே இடத்தில் லேஅவுட்டின் உயரத்தையும் அகலத்தையும் மாற்றுங்கள். 24 பிக்சல் எழுத்துக்கு லேஅவுட்.ஹைட் = '44பிஎக்ஸ்' என்று வைத்தால் மேலும் கீழும் மூச்சு விட இடம் கிடைக்கும். உயரத்துக்கு ‘ஆட்டோ’ என்று கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வரியின் உயரம் 28 பிக்சல் என்று தனியே குறிக்கப்பட்டிருப்பதால் அது உதவாது, பிக்சல் அளவாகவே கொடுக்க வேண்டும். அகலத்துக்கு மட்டும் லேஅவுட்.வித் = 'ஆட்டோ' என்பது பயன்படும்: கிடைவரிசைப் பெட்டியான ஹெச்பாக்ஸுக்குள் பொத்தான் சொல்லின் நீளத்துக்குத் தக்கபடி விரியும். நெடுவரிசையான விபாக்ஸுக்குள் அதே ‘ஆட்டோ’ பொத்தானைத் திரையின் முழு அகலத்துக்கும் இழுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே 'மேக்ஸ்-கன்டென்ட்' என்ற மதிப்பைக் கொடுங்கள்.

ஸ்லைடரின் விளக்கச் சொல் வெட்டுப்பட்டால் லேஅவுட்டைத் தொட வேண்டியதில்லை. அந்த 80 பிக்சல் மட்டும் விதிவிலக்காக ஸ்டைலின் பொறுப்பில் இருக்கிறது. ஸ்டைல்.டிஸ்கிரிப்ஷன்_வித் = 'இனிஷியல்' என்று எழுதினால் சொல் தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் நான்கு ஸ்லைடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ‘புழல்’ ஸ்லைடர் ஓரிடத்திலும் ‘செம்பரம்பாக்கம்’ ஸ்லைடர் வேறோரிடத்திலும் தொடங்க, வரிசை பல்லிளிக்கும். அங்கே நான்குக்கும் '160பிஎக்ஸ்' என்று ஒரே அகலம் கொடுப்பதே அழகு.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு பொத்தான்களுக்கும் இதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே? — அதே மாணவர்

பதில்: வேண்டியதில்லை. ஸ்டைலும் லேஅவுட்டும் தனிப் பொருள்கள் என்றேன் அல்லவா? ஒரு பொத்தானுக்குச் செய்து முடித்ததும், மற்றப் பொத்தான்களுக்குப் புழல்.ஸ்டைல் = பூண்டி.ஸ்டைல் என்று ஒப்படைத்துவிடலாம். அதன்பின் பூண்டியின் எழுத்தைப் பெரிதாக்கினால் புழலின் எழுத்தும் சேர்ந்தே பெரிதாகும். லேஅவுட்டுக்கும் இதுவே முறை.

கேள்வி: ஸ்டைல்.கீஸ் போட்டுப் பார்த்தேன். பொத்தானுக்கும் லேபிளுக்கும் நீண்ட பட்டியல் வருகிறது. டிராப்டவுனுக்கு எழுத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. உரைப்பெட்டிக்கு அளவு மட்டும் இருக்கிறது, எழுத்துருவின் பெயர் இல்லை. எங்கள் அலுவலகப் படிவத்தில் இருப்பவை எல்லாம் டிராப்டவுன்களும் உரைப்பெட்டிகளும்தான். வழி உண்டா? — தரவுப் பகுப்பாய்வாளர், தரமணி

பதில்: நீங்கள் பார்த்தது சரி. 8ஆம் பதிப்பிலும் எல்லா விட்ஜெட்டுக்கும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை. பொத்தான், நிலைமாற்றிப் பொத்தான், லேபிள் ஆகியவற்றுக்குத் தாராளம். உரைப்பெட்டிக்குப் பின்னணி, அளவு, எழுத்தின் நிறம் என மூன்று. ஸ்லைடருக்குக் கைப்பிடியின் நிறம். டிராப்டவுனுக்கு விளக்கச் சொல்லைப் பற்றியது மட்டும். உரைப்பெட்டியில் நீங்கள் மாற்றும் அளவும் பெட்டிக்குள் தட்டச்சிடும் எழுத்துக்கே சேரும். இடப்பக்கத்து விளக்கச் சொல் பழைய அளவிலேயே இருக்கும். விளக்கச் சொல்லை மட்டும் மாற்ற வேண்டுமானால் அதைக் காலியாக விட்டு, அருகில் ஒரு லேபிளை வைத்து, இரண்டையும் ஹெச்பாக்ஸில் இணைப்பது எளிய வழி.

மொத்தப் படிவத்தையும் மாற்ற விரும்பும் உங்களுக்கு, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்தான் வழி. இணையத்தில் கிடைக்கும் துண்டு நிரல்கள் பலவும் விட்ஜெட்டின் உள்வகுப்புப் பெயர் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் இம்பார்ட்டன்ட் என்று முத்திரை குத்துகின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐபைவிட்ஜெட்ஸ் தன் அளவுகள் பலவற்றை சிஎஸ்எஸ் மாறிகளில் வைத்திருக்கிறது. எழுத்தின் அளவுக்கு --ஜேபி-விட்ஜெட்ஸ்-ஃபாண்ட்-சைஸ், ஒற்றை வரி உயரத்துக்கு --ஜேபி-விட்ஜெட்ஸ்-இன்லைன்-ஹைட், விளக்கச் சொல்லின் அகலத்துக்கு --ஜேபி-விட்ஜெட்ஸ்-இன்லைன்-லேபிள்-வித். இந்த மூன்று மாறிகளையும் படிவத்தின் எல்லைக்குள் மட்டும் மாற்றிவிட்டால், உள்ளே இருக்கும் டிராப்டவுன், உரைப்பெட்டி, லேபிள் எல்லாமே எழுத்தும் பெட்டியும் சேர்ந்து வளரும்.

செய்முறை இதுதான். உங்கள் விட்ஜெட்டுகள் அனைத்தையும் ஒரு விபாக்ஸுக்குள் வையுங்கள். அந்த விபாக்ஸுக்கு ஆட்_கிளாஸ்('பெரிது') என்று ஒரு பெயர் சூட்டுங்கள். பிறகு ஹெச்டிஎம்எல் ஆணையின் வழியே ஒரு ஸ்டைல் ஒட்டை (டேக்) வெளியிட்டு, அதற்குள் இவ்வாறு எழுதுங்கள்:

.பெரிது { --ஜேபி-விட்ஜெட்ஸ்-ஃபாண்ட்-சைஸ்: 18பிஎக்ஸ்; --ஜேபி-விட்ஜெட்ஸ்-இன்லைன்-ஹைட்: 38பிஎக்ஸ்; --ஜேபி-விட்ஜெட்ஸ்-இன்லைன்-லேபிள்-வித்: 160பிஎக்ஸ்; }

‘பெரிது’ என்பதைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சிடலாம். சிஎஸ்எஸ் வகுப்புப் பெயருக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எழுத்துருவின் பெயரை மாற்றுவதில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விபாக்ஸுக்கு ஃபாண்ட்-ஃபேமிலி கொடுத்தால் லேபிள்கள் மாறும். டிராப்டவுன், உரைப்பெட்டி, பொத்தான் ஆகியவை மாறாமல் இருக்கக்கூடும். படிவ உறுப்புகளுக்குப் பிரவுசரே ஓர் எழுத்துருவை வைத்திருக்கிறது. தாய்ப்பெட்டியின் எழுத்துருவை அவை தாமாக வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே .பெரிது செலக்ட், .பெரிது இன்புட், .பெரிது பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் ஃபாண்ட்-ஃபேமிலி: இன்ஹெரிட் என்று ஒரு வரி தேவைப்படும்.

வகுப்புப் பெயர் இல்லாமல் எல்லா லேபிளுக்கும் பொருந்தும்படி எழுதிவிடக் கூடாதா என்று கேட்கலாம். ஜுபிட்டரின் இடைமுகமான ஜுபிட்டர்லேபில் ஒரே சாளரத்தில் பல நோட்புக்குகள் திறந்திருக்கும். நீங்கள் வெளியிடும் ஸ்டைல் அந்தப் பக்கம் முழுவதற்கும் பொருந்தும். பக்கத்துத் தாவலில் இருக்கும் வேறொரு நோட்புக்கின் பொத்தான்களும் காரணம் தெரியாமல் வீங்கிப்போகும். அந்த ஸ்டைலை வெளியிட்ட செல்லின் வெளியீட்டைத் துடைத்துவிட்டால், வந்த அழகும் அதோடு போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நோட்புக்கை இணையத்திலேயே ஓட்டும் கூகுள் கொலாப் பயன்படுத்துவோருக்கு நேர் எதிரான அனுபவம் கிட்டும். அங்கே ஒவ்வொரு செல்லின் வெளியீடும் தனித்தனி ஐஃபிரேம் என்னும் அறைக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், முதல் செல்லில் எழுதிய சிஎஸ்எஸ் மூன்றாம் செல்லின் விட்ஜெட்டை எட்டாது. ஸ்டைலையும் விட்ஜெட்டையும் ஒரே செல்லில் வெளியிட வேண்டும்.

கேள்வி: விளக்கச் சொல்லுக்குள் தடித்த எழுத்துக்கான ‘பி’ ஒட்டைப் போட்டு வைத்திருந்தேன். புதுப்பித்த பிறகு அந்த ஒட்டே எழுத்தாகத் தெரிகிறது. — வாசகர், அம்பத்தூர்

பதில்: பாதுகாப்பை முன்னிட்டு 8ஆம் பதிப்பு விளக்கச் சொல்லை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. டிஸ்கிரிப்ஷன்_அலவ்_ஹெச்டிஎம்எல் = ட்ரூ என்று அந்த விட்ஜெட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பிறர் தட்டச்சிட்டு அனுப்பும் சொல் அந்த இடத்தில் வருமானால் சொல்லாதீர்கள்.

கேள்வி: முக்கியமான குறிப்புகளைச் சாய்வெழுத்தில் காட்ட விரும்பி ஃபாண்ட்_ஸ்டைல் = 'இட்டாலிக்' என்று வைத்தேன். சாய்கிறது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை. — வாசகி, திருவான்மியூர்

பதில்: பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனியே வரைந்த எழுத்துகள் இல்லை. நீங்கள் கேட்டதற்காகப் பிரவுசர் நேரெழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்க்கிறது. ஐ, ஞ, ண போன்ற சுழி மிகுந்த எழுத்துகளில் அந்த வன்முறை நன்றாகவே தெரியும். தமிழில் அழுத்தத்துக்குத் தடிமனே பொருத்தம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 100 முதல் 900 வரை தடிமன்கள் உண்டு; ஃபாண்ட்_வெயிட் = '600' என்று வைத்துப் பாருங்கள். ஃபாண்ட்_வேரியன்ட் என்ற பண்பையும் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். சிறிய தலைப்பெழுத்து என்பதே இல்லாத தமிழுக்கு அதில் வேலை இல்லை.

கேள்வி: இருபது ஆண்டுகளாக டிடிபி தொழிலில் இருக்கிறேன். என் மகள் எனக்காக ஒரு நோட்புக்கில் விலைப்பட்டியல் படிவம் செய்து கொடுத்தாள். நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருக்கும் சொற்களை அதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. லேபிளின் ஃபாண்ட்_ஃபேமிலியில் பாமினி என்று கொடுத்தால் சரியாகிவிடுமா? — அச்சகத்தார், திருவல்லிக்கேணி

பதில்: உங்கள் கணினியில் பாமினி நிறுவப்பட்டிருந்தால் அந்த லேபிள் சரியாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பாமினியில் ‘தமிழ்’ என்று நீங்கள் தட்டச்சிடும்போது கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது வெளிப்படும். படிவத்தில் ‘அட்டை’ என்று தேடினால் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் அடுக்கும். ஒரே லேபிளில் காகிதத்தின் ஆங்கிலப் பெயரும் வந்தால் அதுவும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறித் தெரியும்.

எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் (எழுத்தைக் கணினியில் எண்ணாகச் சேமிக்கும் முறை) என்றிருந்த காலத்தில் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதையொட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்னும் குறியாக்கத்தையும் தன் தரங்களாக ஏற்றது. இன்று பைத்தானும் பிரவுசரும் யூனிகோடை மட்டுமே தமிழாக அறியும். உங்கள் பழைய பட்டியலைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும். மாற்றிய பின் விலைகளை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், அரைப்புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: இருண்ட பின்னணிக்கு மாறினால் சில லேபிள்களில் எழுத்தே தெரிவதில்லை. — மாணவி, வேளச்சேரி

பதில்: பின்னணி நிறத்தை மட்டும் கொடுத்து, டெக்ஸ்ட்_கலரைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். வெளிர் மஞ்சள் பின்னணி அப்படியே இருக்க, எழுத்து மட்டும் இருண்ட பின்னணிக்கு ஏற்றபடி வெண்மையாகிவிடும். இரண்டையும் கொடுங்கள், அல்லது இரண்டையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் நோட்புக் ஓடுவது ஒரு பொதுச் சர்வரில், நாங்கள் அவரவர் மடிக்கணினியின் பிரவுசரில் திறக்கிறோம். சர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவச் சொல்லி, நிர்வாகியும் நிறுவினார். இருந்தும் என் விட்ஜெட்டுகளில் பழைய லதா எழுத்துருவே வருகிறது. பைத்தானில் வரைபடம் வரையும் தொகுப்பான மேட்பிளாட்லிப்பின் வரைபடத்திலோ முதலில் வெறும் கட்டங்கள் வந்தன. எழுத்துருவைச் சொன்னபின் எழுத்து வருகிறது, ஆனால் ‘செம்பரம்பாக்கம்’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. ஒரே நோட்புக்கில் ஏன் இரண்டு விதம்? — ஆய்வு மாணவி, தாம்பரம்

பதில்: வரைவது இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்பதால். விட்ஜெட்டின் எழுத்தை வரைவது உங்கள் பிரவுசர். அது உங்கள் மடிக்கணினியில் இருக்கும் எழுத்துருக்களைத்தான் பார்க்கும். சர்வரில் நூறு எழுத்துருக்கள் இருந்தாலும் அதற்குத் தெரியாது. மேட்பிளாட்லிப் வரைபடம் சர்வரிலேயே படமாகி உங்களுக்கு வருகிறது. அதற்கு உங்கள் மடிக்கணினியின் எழுத்துரு எட்டாது. ஆக, நிர்வாகி நிறுவியது வரைபடத்துக்கு உதவியது, விட்ஜெட்டுக்கு உதவவில்லை.

விட்ஜெட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் கட்டணமில்லாத திறந்த உரிமத்தில் கிடைப்பது. அவரவர் மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அல்லது சிஎஸ்எஸ் வழியே இணையத்திலிருந்து எழுத்துருவை வரவழைக்கலாம், ஆய்வகத்தில் வெளி இணைப்பு இருந்தால். எவ்வாறாயினும் ஃபாண்ட்_ஃபேமிலியில் ஒரே பெயரை எழுதி நிறுத்தாதீர்கள். 'நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ, தமிழ் சங்கம் எம்என், சான்ஸ்-செரிஃப்' என்று காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதினால், முதல் எழுத்துரு இல்லாத இடத்தில் விண்டோஸ் கணினி நிர்மலாவையும் ஆப்பிள் கணினி தமிழ் சங்கத்தையும் எடுத்துக்கொள்ளும்.

வரைபடத்துக்கு வருவோம். முதலில் கட்டங்கள் வந்ததற்குக் காரணம், மேட்பிளாட்லிப்போடு வரும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லாதது. அடுத்தது கொம்புச் சிக்கல். யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ச, அதன்பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது, நாம் ஒலிக்கும் வரிசையில். அதைத் திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து ச-வுக்கு முன்னால் நிறுத்துவது எழுத்து வடிவமைப்புப் பொறியின் வேலை. பிரவுசரில் அந்தப் பொறி உண்டு. பரவலாகப் புழங்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகளின் வழக்கமான வரைமுறையில் அது இல்லாததால், சேமித்த வரிசையிலேயே ச-வை வரைந்து, பிறகு கொம்பை வரைகிறது. கொம்பு பின்னால் இருக்கும் ம்-ஓடு ஒட்டிக்கொள்கிறது. எந்தத் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் இது மாறாது. ஆகவே எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். ‘புழல்’, ‘பூண்டி’ என்பவற்றில் கொம்பு இல்லாததால் பிசகு சட்டெனத் தெரிந்திருக்காது. ‘சோழவரம்’ என்பதைப் பாருங்கள், அங்கும் பிசகியிருக்கும்.

உங்கள் வரைபடம் நோட்புக்கில் பார்ப்பதற்காக மட்டும் என்றால், பிரவுசரிலேயே எழுத்தை வரையும் பிளாட்லி, போக்கே ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறிவிடுங்கள். கொம்பு தானே சரியான இடத்துக்கு வரும். மேட்பிளாட்லிப்பை விட முடியாத நிலையில், வரைபடத்துக்குள் எண்களை மட்டும் வைத்து, தலைப்பையும் ஏரிகளின் பெயர்களையும் மேலே ஒரு லேபிள் விட்ஜெட்டிலும் பக்கத்தில் நான்கு வண்ணப் பொத்தான்களிலும் காட்டலாம். அந்தப் பொத்தான்களின் நிறத்தைக் கோடுகளின் நிறத்துக்கு ஒத்ததாக ஸ்டைல்.பட்டன்_கலர் வழியே வைத்துவிட்டால் அவையே வரைபடத்தின் குறிவிளக்கமாகவும் அமையும். செம்பரம்பாக்கத்துக்கு மட்டும் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.